நுழைந்தால் தோஷம், விழுந்தால் தோஷமில்லை

மெய்யாத்தா என்ற ஆமை தன் கண்மாயை விட்டுக் கிளம்பியபோது அங்கே தண்ணீர் இல்லை. சேறுகூட இல்லை. சேறு இருந்த இடத்தில் அப்பளம் அப்பளமாக வெடித்த மண்தான் கிடந்தது.

கிழக்கே ஒரு கல்கிடங்கு இருப்பதாக மஞ்சமூக்கி என்ற மைனா சொல்லியிருந்தாள். மனிதர்கள் பாறையை வெட்டி ஜல்லி எடுத்துவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளம் அது. எந்தக் கோடையிலும் அதில் தண்ணீர் வற்றாதாம். "ரொம்பப் பக்கம்தான் ஆத்தா, ஒரே பறப்பு" என்றாள் மஞ்சமூக்கி. அந்த ஒரே பறப்பை நடந்து கடக்க மெய்யாத்தாவுக்கு மூன்று நாள் ஆயிற்று.

மெய்யாத்தாவைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பார்ப்பதற்கு அவள் பரம சாது. யார் என்ன பேசினாலும் தலையையும் நாலு காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வாள். என்ன பொறுமை, என்ன பொறுமை என்று கண்மாயே அவளை மெச்சியது. உண்மையில் அவள் உள்ளே போவது திட்டுவதற்கு. ஓட்டுக்குள் போனதும் அவள் வாய் திறக்கும். எதிராளியின் மூக்கில் ஆரம்பித்து, அவன் முப்பாட்டன் வரைக்கும் போய், ஒருவரையும் விடாமல் வைது தீர்ப்பாள். ஓடு கெட்டியானது, வெளியே ஒரு எழுத்தும் கேட்காது. திட்டி முடித்ததும் தலையை நீட்டுவாள். முகம் துடைத்துவைத்த விளக்கு மாதிரி இருக்கும்.

நாலாம் நாள் காலையில் அவள் கல்கிடங்கின் மேட்டுக்கு வந்து சேர்ந்தாள். கீழே பச்சை நிறத்தில் தண்ணீர் தளும்பியது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. ஒரு பக்கம் மட்டும் முன்பு லாரி இறங்கிய சரிவுப் பாதை. அந்தப் பாதையின் நடுவே ஒரு கழுதை நின்றது.

"நில்லு. யாரு?"

"ஆமை."

"அது கண்ணுக்குத் தெரியுது. எங்கே போறே?"

"தண்ணிக்கு."

கழுதை கீழே பார்த்து ஒரு கத்துக் கத்தியது. உடனே பொத்துப் பொத்தென்று குதித்து ஒரு பெரிய தவளை மேலேறி வந்தது. அதுதான் அந்தக் கிடங்கின் தலையாரி. கன்னம் இரண்டும் உப்பி, வயிறு தரையில் தட்டி, நல்ல மரியாதையான தவளை.

மெய்யாத்தாவைப் பார்த்ததும் தலையாரி இரண்டு குதி பின்னால் போனது.

"ஆத்தா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேலே எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனா ஆமை வந்து நுழைஞ்ச இடத்தைப் பத்தி மனுசங்க ஒண்ணு சொல்லி வச்சிருக்காங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"அவங்க வீட்டைப் பத்தித்தானே சொன்னாங்க? நான் இதுவரைக்கும் ஒரு வீட்டுக்குள்ளேயும் போனதில்லையே."

"நீங்க போகாததாலேதானே அந்த வீடெல்லாம் நல்லா இருக்கு!"

மெய்யாத்தா ஒரு காலை முன்னால் வைத்தாள். கழுதை திரும்பிப் பின்னங்காலைக் காட்டியது.

"இன்னொரு அடி வச்சே, மல்லாக்கப் போட்டுருவேன்" என்றது.

மல்லாந்த ஆமையால் தானாகத் திரும்ப முடியாது. அந்த வெயிலில் கொதிக்கும் பாறைமேல் மல்லாந்து கிடந்தால் மத்தியானத்துக்குள் கதை முடிந்துவிடும். இது கழுதைக்கும் தெரியும், தலையாரிக்கும் தெரியும். மெய்யாத்தா ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். உள்ளே போய் வாயைத் திறந்தவளுக்கு அன்று ஒரு சங்கடம். நாற்பது வருஷமாக அவள் எல்லோரையும் திட்டிய முதல் வார்த்தை 'கழுதை'. கழுதையை என்னவென்று திட்டுவது?

அந்தக் கழுதையின் கதையை அன்று மாலை மஞ்சமூக்கி வந்து சொன்னாள். முன்பு அது ஒரு செங்கல் சூளையில் மூட்டை சுமந்ததாம். ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் தன் படம் மாட்டியிருந்ததைப் பார்த்ததாம். கண்ணாடி போட்டு, பூ வைத்து, சாமி படங்களோடு சாமி படமாக. அதன் கீழே, தன்னைப் பார்ப்பவருக்கு யோகம் வரும் என்று வேறு எழுதியிருந்ததாம். கடைக்கு வருகிறவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டீ குடித்தார்களாம். அன்றைக்கே கழுதை மூட்டையை உதறிவிட்டு, கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. வரும் வழியிலேயே தனக்கு யோகநாதன் என்று பெயரும் வைத்துக்கொண்டது. முன்னங்காலில் இரண்டு முழக் கயிறு இன்னும் தொங்கியது. கேட்டால் வீரக்கழல் என்றது.

தவளைகளுக்கு அது வந்ததில் ஒரே சந்தோஷம். கரையோரக் கோரைப்புல் முழுவதையும் அதற்கே விட்டுக்கொடுத்தன. எந்த நல்ல காரியம் என்றாலும் யோகநாதன் முதலில் ஒரு முறை கத்த வேண்டும். கழுதைக் குரல் அவ்வளவு சகுனம். யோகநாதனும் தன் பங்குக்கு ஒன்று செய்தான். தினமும் மூன்று வேளை பாறை விளிம்பில் நின்று தண்ணீரில் தன் முகத்தையே பார்த்துக்கொள்வான். தன்னைப் பார்க்கிற ஊராருக்கே யோகம் என்றால், தானே பார்த்தால் இரட்டை யோகம்தானே?

"அவனுக்கு ஒரு சொல்லு, எனக்கு ஒரு சொல்லு" என்றாள் மெய்யாத்தா. "அவன் என்ன நல்லது பண்ணினான்? நான் என்ன கெட்டது பண்ணினேன்?"

மஞ்சமூக்கிக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

"ஆத்தா, உனக்கு நல்ல சொல்லும் ஒண்ணு இருக்கே! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கத்திக் கத்திப் படிக்கும். ஆமை மாதிரி அஞ்சையும் உள்ளே அடக்கிக்கிறவங்களுக்குத்தான் நல்ல காலமாம்."

"எந்த அஞ்சு?"

"தலை ஒண்ணு, காலு நாலு."

"வாலு?"

"வாலைச் சேர்க்கலே போல."

தன்னைப் பற்றி யாரோ நல்லதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது மெய்யாத்தாவுக்கு இனித்தது. ஓட்டுக்குள் தான் என்ன பேசுவாள் என்பது அந்த யாரோவுக்குத் தெரியாதே என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

மஞ்சமூக்கி சேதியைக் கிடங்குக்குள் கொண்டுபோனாள். அங்கே பெரிய குழப்பம் உண்டாயிற்று. ஆமை ஆகாது என்று சொன்னதும் மனிதர்கள்தான். ஆமை மாதிரி இரு என்று சொன்னதும் மனிதர்கள்தான். எதை எடுப்பது, எதை விடுவது? மனிதர்களுக்கே புத்தி இல்லை என்று சில இளவட்டத் தவளைகள் சொன்னபோது பெரியவர்கள் அதட்டி உட்கார வைத்தார்கள். மனிதர்கள் இல்லாவிட்டால் இந்தக் கிடங்கே ஏது?

அதற்குள் மேட்டில் மெய்யாத்தாவுக்கு இரண்டு நாள் போய்விட்டது. கருவேல நிழல் அவளுக்குப் போதவில்லை. கழுத்துத் தோல் காய்ந்து சுருங்கியது. கண் திறப்பதே பாரமாக இருந்தது. இன்னும் ஒரு நாள் தாங்கினால் அதிகம் என்று மஞ்சமூக்கி தலையாரியிடம் போய் அழுதாள்.

மூன்றாம் நாள் காலையில் தலையாரி தன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தது. கல் உடைத்தவர்கள் விட்டுப்போன சாந்துச்சட்டிதான் ஆசனம். கன்னத்தை உப்பிக்கொண்டு தீர்ப்புச் சொன்னது.

"கெட்ட சொல்லு என்ன சொல்லுது? ஆமை 'நுழைஞ்சா'ன்னு சொல்லுது. நுழையறதுக்கு என்ன வேணும்? காலு வேணும். நல்ல சொல்லு என்ன சொல்லுது? காலு நாலும் தலையும் உள்ளே இருக்கணும்னு சொல்லுது. உள்ளே இருந்தா நுழைய முடியுமா? முடியாது. விழத்தான் முடியும். ஆக, ஆமை நுழைஞ்சா தோஷம். விழுந்தா தோஷமில்லே."

கிடங்கு முழுக்க ஒரே ஆரவாரம். இரண்டு சொல்லுக்கும் பழுதில்லாமல் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாரே தலையாரி என்று கிழத்தவளைகள் கண்கலங்கின.

நிபந்தனைகள் மெய்யாத்தாவுக்குச் சொல்லப்பட்டன. யோகநாதன் அவளைப் பாறை விளிம்பிலிருந்து ஒரே உதையில் தண்ணீருக்குள் தள்ளுவான். மேலிருந்து கீழே போய்ச் சேரும்வரை ஐந்தில் ஒன்றும் வெளியே தெரியக் கூடாது. ஒரு நகம் தெரிந்தாலும் அது நுழைவுதான். அப்புறம் அவளுக்கு அந்த மேட்டில்கூட இடமில்லை. யோகநாதன் மல்லாக்கப் போட்டுவிடுவான்.

மெய்யாத்தா ஒத்துக்கொண்டாள். வேறு வழி? விளிம்புக்குப் போய் ஐந்தையும் இழுத்து இறுக்கிக்கொண்டாள். வாலையும் சேர்த்துக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டுமென்று.

ஓட்டுக்குள் இருட்டு. வெளியே நடந்ததெல்லாம் காதில்தான் விழுந்தது. முதலில் யோகநாதன் சகுனத்துக்காக ஒரு முறை கத்தினான். தவளைகள் தாளம் போட்டன. பிறகு அவன் குனிந்து, அவள் ஓட்டருகே வாயை வைத்துச் சொன்னான்: "ஏ ஓட்டுக்காரி, யோகக்காரன் காலால உதை வாங்கக் கொடுத்து வச்சிருக்கணும். தெரிஞ்சுக்கோ."

அவன் மூக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரே கடியில் பிய்த்திருக்கலாம். மெய்யாத்தா பல்லில்லாத வாயை இறுக்கிக்கொண்டாள்.

உதை விழுந்தது. உலகம் இரண்டு தரம் உருண்டது. பிறகு டணார் என்று நின்றது.

தண்ணீரில் விழுந்த சத்தம் இல்லை. பாறையில் விழுந்த சத்தம். பாதி வழியில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்திட்டில் அவள் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, நேராகத்தான் உட்கார்ந்தாள். தண்ணீர் கீழே சளசளத்தது. அதன் ஈரக்காற்று ஓட்டுக்குள் வந்து மூக்கில் பட்டது. அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் சாய்வான பாறை. நாலு காலை நீட்டினால் நடந்தே போய்விடலாம்.

"அசையாதீங்க ஆத்தா!" என்று தலையாரி எதிர்க்கரையிலிருந்து கத்தியது. "நுழைஞ்சதா ஆயிரும்! இன்னொரு உதைக்கு வழி பண்றோம், அதுவரைக்கும் ஒண்ணும் வெளியே தெரியக் கூடாது!"

மேலே யோகநாதன், தான் உதைத்தது எங்கே போயிற்று என்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான். ஆமை கண்ணில் படுவதற்கு முன்னால் தண்ணீரில் அவன் முகம் பட்டது. உதைத்த களைப்பில் அது இன்னும் அழகாக இருந்ததுபோல. இன்னும் கொஞ்சம் குனிந்தான். காதை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். விளிம்புக்கல் பெயர்ந்தது.

மெய்யாத்தாவின் பக்கத்தில் காற்று விர்ரென்று போயிற்று. தொப்பென்ற பெரிய சத்தம். கிடங்கு முழுக்கத் தண்ணீர் தெறித்தது. ஒரு கை அளவு தண்ணீர் அவள் முதுகிலும் விழுந்தது.

கழுதைக்கு நீந்தத் தெரியும். யோகநாதன் கரையைப் பார்த்து நாலு எட்டு நீந்தினான். ஐந்தாவது எட்டில் நின்றுவிட்டான். தண்ணீருக்கடியில் பாறையில் செருகிய பழைய கடப்பாரை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவன் வீரக்கழல் போய் அதில் சுற்றிக்கொண்டது. உதறினான், இன்னும் இறுகியது. கால் கீழே இழுத்தது, மூக்கு மட்டும் மேலே நின்றது. அவன் கத்தினான்.

"ஒண்ணு!" என்று தவளைகள் எண்ணின.

மறுபடி கத்தினான்.

"ரெண்டு!"

தண்ணீருக்குள் இறங்கி நின்று கழுதை கத்துவதை அவர்கள் அதுவரை கேட்டதில்லை. இது எப்பேர்ப்பட்ட சகுனமோ! ஏழு வரைக்கும் போனால் ஏழு வருஷத்துக்குத் தண்ணீர் வற்றாது என்று ஒரு கிழத்தவளை அப்போதே முடிவுகட்டியது. குட்டித் தவளைகள் கூடச் சேர்ந்து குதித்தன.

மெய்யாத்தாவுக்கு மட்டும் அது என்ன குரல் என்று தெரிந்தது. வெளியே ஒன்று தெரிய, உள்ளே ஒன்று பேசிப் பழகியவள் அவள். மூன்றாவது கத்தலில் முதல் பாதிதான் குரல். மறு பாதி தண்ணீர்.

சாகட்டும், என்றாள் ஓட்டுக்குள். நன்றாக வேண்டும். மல்லாக்கப் போடுவேன் என்றானே, இப்போது யார் மல்லாந்தது? இன்னொரு உதைக்கு வேறு யாராவது வருவார்கள். நான் பேசாமல் இருந்தால் போதும். இந்தத் தண்ணீர் எனக்கு. பேசாமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சொல்கிறார்களாம்.

நாலாவது கத்தல் வந்தது. அதில் குரலே இல்லை. வெறும் கொப்புளம்.

அவளுக்கு அப்போது ஒன்று விளங்கியது. இத்தனை வருஷமும் அவள் காலை உள்ளே இழுத்தாளே தவிர, கோபத்தை ஒருநாளும் இழுத்து நிறுத்தியதில்லை. அது உள்ளே வசதியாக உட்கார்ந்து தின்று கொழுத்தது. இப்போது அவளைப் பேசாமல் இருக்கச் சொல்வது அடக்கம் இல்லை. அதுதான், அந்தக் கோபம்தான்.

"சரி, நீ உள்ளேயே இரு" என்று அதனிடம் சொன்னாள். தலையை நீட்டினாள். நாலு காலையும் நீட்டினாள்.

"ஆத்தா! காலு! காலு!" என்று தலையாரி அலறியது.

கிடங்கே பார்த்துக்கொண்டிருக்க, மெய்யாத்தா சாய்வுப் பாறையில் நடந்தாள். ஒளிவு மறைவில்லாமல், ஒரு காலுக்குப் பின் ஒரு காலாக, தண்ணீருக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் முழுகினாள். மூன்று நாள் தாகத்துக்கு அவள் ஒரு மிடறுகூட நின்று குடிக்கவில்லை. நேரே கடப்பாரையிடம் போய்க் கயிற்றைக் கவ்வினாள்.

தேங்காய்நார்க் கயிறு. ஊறி முறுக்கேறிக் கிடந்தது. ஆமையின் தாடை கத்தரிக்கோல் மாதிரிதான், ஆனால் கத்தரிக்க நேரம் வேண்டும். ஒவ்வொரு கடிக்கும் அவளையறியாமல் ஒரு வசவு வந்தது. ஓட்டுக்குள் திட்டினால் கேட்காது. தண்ணீருக்குள் திட்டினால் நாலு மடங்கு கேட்கும் என்பதை அவள் யோசிக்கவில்லை. சூளையைத் திட்டினாள், டீக்கடையைத் திட்டினாள், வீரக்கழலைத் திட்டினாள், சாந்துச்சட்டியில் உட்கார்ந்து நுழைவதற்கும் விழுவதற்கும் வித்தியாசம் சொன்ன தொப்பைத் தவளையைப் பெயர் சொல்லித் திட்டினாள். கரையில் கிழத்தவளைகள் காதைப் பொத்திக்கொண்டன. தலைப்பிரட்டைகள் அன்று ஆறு புது வார்த்தை கற்றுக்கொண்டன.

ஏழாவது வார்த்தையில் கயிறு அறுந்தது.

யோகநாதன் லாரிப் பாதையில் தவழ்ந்து ஏறி, இருமி, தும்மி, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினான். மெய்யாத்தா பின்னாலேயே வந்து கரையில் நின்றாள். ஆமை நுழைந்தாயிற்று. இனி வரவேண்டியது வர வேண்டியதுதானே? தவளைகள் வானத்தைப் பார்த்தன, பாறையைப் பார்த்தன, ஒன்றையொன்று பார்த்தன. ஒரு தட்டான் பறந்து வந்து தலையாரியின் மூக்கில் உட்கார்ந்தது. அது ஆரம்பமோ என்று ஒரு கிழத்தவளை பதறியது. தலையாரி நாக்கை நீட்டித் தட்டானைத் தின்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் யோகநாதன்தான் வாயைத் திறந்தான்.

"தலையாரியாரே, நான் வந்த நாளிலேருந்து என்னை அதிகமாப் பார்த்தது யாரு? நான்தான். காலையிலே, மத்தியானம், சாயங்காலம், தண்ணியிலே என் மூஞ்சியையே பார்த்தேன். இன்னிக்குக் கொஞ்சம் கூடுதலாவே பார்த்தேன். என்ன யோகம் வந்துச்சு, சொல்லுங்க."

தலையாரி இன்னொரு தட்டான் வருகிறதா என்று மேலே பார்த்தது.

யோகநாதன் மெய்யாத்தாவின் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது. "ஏன் ஆத்தா வந்தே? மல்லாக்கப் போடுவேன்னு சொன்னவன்தானே நான்?"

"மூணு நாளா உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். நீ போயிட்டா அப்புறம் யாரைத் திட்டுறது?"

யோகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுதைக்கு அது கத்தலாகத்தான் வரும். தவளைகள் பழக்கதோஷத்தில் "ஒண்ணு!" என்றன. என்றுவிட்டு வெட்கப்பட்டன.

தலையாரிக்குத் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. சாந்துச்சட்டியில் ஏறிக் கன்னத்தை உப்பியது.

"தீர்ப்பிலே ஒரு சின்னத் திருத்தம். நுழையறதுன்னா கூப்பிடாம வர்றது. இவங்களைக் கழுதை கூப்பிட்டுது. நாலு தடவை கூப்பிட்டுது, நாமதான் எண்ணினோமே. கூப்பிட்டு வந்தவங்க நுழைஞ்சவங்க ஆகமாட்டாங்க. வந்தவங்கதான். ஆத்தா, வாங்க, இருங்க."

"யாரும் கூப்பிடாமலே வந்திருந்தேன்னா?"

"அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிருப்போம் ஆத்தா" என்றது தலையாரி. "கொஞ்சம் நாளாகியிருக்கும்."

மெய்யாத்தா தண்ணீரில் இறங்கி இந்தத் தடவை வயிறு நிறையக் குடித்தாள். அடுத்த நாளிலிருந்து அந்தக் கிடங்கில் ஒரு புது வழக்கம் வந்தது. யாருக்காவது கோபம் வந்தால் தண்ணீருக்குள் போய், ஆமை சொன்ன ஆறு வார்த்தையில் ஒன்றை உரக்கச் சொல்லிவிட்டு, மேலே வந்து நடக்க வேண்டிய காரியத்தைப் பார்ப்பார்கள். யோகநாதன் முகம் பார்ப்பதை விட்டுவிட்டான். லாரிப் பாதையில் நின்று, தாகத்தோடு வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் வழுக்கும் என்று சொல்லி அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டான். பாறை விளிம்புக்கு மட்டும் போகவே மாட்டான்.

ஊர் நம்மைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதைச் சொல்லி வைத்திருந்தாலும், கோபத்தை உள்ளே நிறுத்திவிட்டு உதவிக்குக் காலை வெளியே நீட்டத் தெரிவதுதான் உண்மையான அடக்கம். அதைவிடப் பெரிய யோகம் யார் முகத்தைப் பார்த்தாலும் வராது.